உப்பு நீரும் எருமைப் பாலும்

பழவேற்காட்டு ஏரியின் நீர் ஆண்டுக்கு இருமுறை தன் ஸ்வபாவத்தை மாற்றிக்கொள்ளும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பொழிந்து, தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் செந்நீரைக் கொண்டுவந்து கொட்டும் நாட்களில், ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர் நீளமுள்ள அந்த உப்பங்கழியின் ஓரங்கள் உப்பையே மறந்துவிட்டனவோ என்று எண்ணும்படி நன்னீராகிவிடும். பங்குனி சித்திரையில் ஆறுகள் வற்றி, ஏரியைக் கடலோடு சேர்க்கும் முகத்துவாரமும் மணலால் தூர்ந்துவிட்டாலோ, அதே நீர் வெயிலில் சுண்டிக் கடல்நீரையும் மிஞ்சிய கரிப்பை அடையும். இந்த மாறுதலை வைத்தே இறால் எப்போது ஏறும், மடவை எப்போது சேரும் என்று கரையோரத்துப் பட்டினவர் குப்பங்கள் தங்கள் ஆண்டை வகுத்துக்கொண்டன. எவர் எந்நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கமும் அந்த நீரை நம்பி எழுந்ததுதான். ஆனால் ஏரியின் மேற்கே, நெல் விளையும் பொன்னேரிப் பக்கத்துக் கிராமங்களில், அதே நீரின் போக்கைப் பால்குடத்தில் அளந்தவர்களும் இருந்தார்கள். எருமை வைத்துப் பிழைத்த அவர்களைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் அதிகம் எழுதியதில்லை.

எருமைப் பாலின் அளவுக்கும் குணத்துக்கும் அதன் ஜாதியே காரணம் என்பது இன்றைய பொது அபிப்பிராயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் நாட்டெருமை நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தாலே பெரிது. ஹரியானாப் பக்கத்து முர்ரா எருமையோ அதைப்போல் மூன்று மடங்கை அலட்சியமாகக் கொடுத்துவிடும். ஆயினும் அந்த முர்ராவையே தண்ணீரில்லாத கரம்பில் ஒரு சித்திரை மாதம் கட்டிவைத்துப் பார்த்தால், ஜாதியின் பெருமை எவ்வளவு சீக்கிரத்தில் வற்றிப்போகிறது என்பது தெரிந்துவிடும். எருமையின் தோல் கறுப்பு, வெயிலை முழுவதும் வாங்கிக்கொள்வது. வியர்வைச் சுரப்பிகளோ பசுவுக்கு உள்ளதைக் காட்டிலும் மிகக் குறைவு. உடலின் சூட்டைத் தணித்துக்கொள்ள நீரிலோ சேற்றிலோ புரளுவதைத் தவிர அதற்கு வேறு உபாயமில்லை. அது கிடைக்காதபோது மூச்சு வாங்கும், தீனியில் நாட்டம் குறையும், தீனி குறைந்தால் மடியும் குறையும். இது தோலுக்கு வேண்டிய நீர். வாய்க்கு வேண்டிய நீர் வேறு: பாலில் நூற்றுக்கு எண்பத்திரண்டு எண்பத்துமூன்று பங்கு நீரே ஆகையால், கறக்கிற ஒவ்வொரு லிட்டருக்கும் மூன்று நான்கு லிட்டராவது அது குடித்தாக வேண்டும். தோலுக்கு உப்புநீர் போதும். வாய்க்கு நன்னீர்தான் வேண்டும். ஏரி முதலாவதை ஆண்டு முழுவதும் கொடுத்தது, இரண்டாவதை மழைக்காலத்தில் மட்டும் கொடுத்தது. மற்ற மாதங்களில் கிராமத்துத் தாங்கலும் குட்டையும், மணல்மேட்டில் கையால் தோண்டினால் கசியும் ஊற்றுமே கறவைகளைக் காப்பாற்றின. கோடையில் குட்டை வறண்ட ஊரில் பாலும் வறண்டது.

இயற்கையும் ஏறக்குறைய இதற்கு அனுசரணையாகவே காலத்தை வகுத்திருந்தது. பகல் குறுகிக் குளிர்ச்சி தோன்றும் மாதங்களில்தான் எருமை பெரும்பாலும் பருவத்துக்கு வரும். அதன் சினைக்காலம் பசுவைவிட ஒரு மாதம் நீண்டு முந்நூற்றுப் பத்து நாட்களாகையால், கன்று விழுவது ஆவணி முதல் கார்த்திகைக்குள்ளாக அமையும். அப்போது வரப்பிலும் ஏரி விளிம்பிலும் பசும்புல் உண்டு, குடிக்க நன்னீர் உண்டு, சீம்பால் தீர்ந்து மடி பெருகும் வாரங்கள் மழையோடு மழையாகச் செல்லும். தை, மாசியில் அறுவடை வைக்கோல் வந்து சேரும்போது கறவையின் அளவு இறங்கத் தொடங்கினாலும், ஈற்றுக்காலம் முதிர முதிரப் பாலில் கொழுப்பு ஏறுமாகையாலும், நார் நிறைந்த வைக்கோல் அக்கொழுப்புக்கு மூலப்பொருளாகுமாகையாலும், பால் குறைந்த வீட்டில் நெய் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதில்லை. தலையீற்றைக் காட்டிலும் மூன்றாம் நான்காம் ஈற்றில் பால் மிகும் என்பதும், கடலைப் பிண்ணாக்கு வைத்தால் வெண்ணெய் இளகியும் பருத்திக்கொட்டை வைத்தால் கெட்டியாகவும் திரளும் என்பதும் ரசாயன சாஸ்திரம் சொல்வதற்கு வெகுகாலத்துக்கு முன்பே மத்துக் கயிறு பிடித்த கைகளுக்குத் தெரிந்திருந்தவைதாம்.

இந்தக் கைகளின் பழமை சாமானியமானதன்று. மருதத்தின் பொய்கைகளில் எருமை படிந்து கிடப்பதைச் சங்கப் புலவர்கள் மிகுந்த ஈடுபாட்டோடு பார்த்திருக்கிறார்கள். ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதத்தின் கடைசிப் பத்துக்கு ‘எருமைப் பத்து’ என்றே பெயர். நமக்கு இன்னும் நெருங்கிய சாட்சி கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் அந்நூலில், மோர்க்குடத்தைத் தலையில் சுமந்து விற்று வரும் இடைமகள் ஒருத்தி, நெய்க்கு விலையாகப் பொன் கொடுத்தாலும் வாங்காமல், எருமையும் பசுவும் கன்றுமாகவே கேட்டுப் பெற்றுக்கொள்கிறாள். பழவேற்காடும் தொண்டை நாட்டின் கரைதான். பொன்னைவிடக் கறவையே நிலையான செல்வம் என்று கணக்கிட்ட அவளை இக்காலத்துப் பொருளாதார நிபுணர் எவரும் குறைகூற முடியாது. கூறினால், கன்று போட்டு வளரும் முதலைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். அவள் விற்றவை மோரும் நெய்யும் என்பதையும் கவனிக்க வேண்டும். நம் வெயிலில் கறந்த பால் சில மணி நேரத்துக்குள் திரிந்துவிடும்; மோர் பக்கத்து ஊர்வரை போகும், நெய்யோ கடல் கடந்தும் போகும். மின்சாரமும் பனிக்கட்டியும் வரும்வரையில், இந்தக் கரையின் பாலுக்கு நெய்யே நெடும்பயண வடிவமாக இருந்தது.

மீன்காரக் குப்பங்களுக்கும் நெல்வயல் கிராமங்களுக்கும் இடையே நடந்த வியாபாரத்தில் பெண்களே முதன்மை பெற்றவர்கள். கூடையில் மீனும் கருவாடும் கொண்டு மேற்கே போன பெண்கள் நெல்லும் தவிடும் மோரும் கொண்டு திரும்பிய வழக்கம் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதற்கும் பொதுவானது. வலைதான் பட்டினவரின் சொத்து. எருமை அவர்களுக்கு அதிகம் இருந்ததில்லை. ஆனால் பால் சுரப்பைப் பற்றிய விசாரம் அவர்களுக்கு இல்லாமலில்லை; பிள்ளை பெற்ற தாய்க்குப் பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடுக்கும் வழக்கம் இன்றைக்கும் தமிழ்க் கடற்கரையில் மாறவில்லை. எருமைக்குப் பிண்ணாக்கு, மனிதத் தாய்க்குச் சுறா!

1609-ம் ஆண்டில் ஒல்லாந்தர் இங்கே வந்து இறங்கி, 1613-ல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரைக்குப் பழவேற்காட்டையே தலைமையிடமாக்கினார்கள். அவர்களுக்கு வேண்டியவை துணியும், வெடிமருந்தும், சொல்லக் கூசும் அடிமை வியாபாரத்தின் லாபமும். தங்கள் தேசத்தில் பசும்புல்லையும் பாலாடைக் கட்டியையும் ஒரு நாகரிகமாகவே வளர்த்திருந்த அந்த ஜாதியார், இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இங்கே வசித்தும் (1825-ல்தான் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திட்டமாக மாறியது), இந்தக் கரைக்குப் பாலாடைக் கட்டியைக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களுடைய கப்பல்கள் இங்கிருந்து துணி ஏற்றிச் சென்ற ஜாவாவில் வேறு வகை எருமை உண்டு: சேற்றெருமை என்று விஞ்ஞானிகள் பிரிக்கும் அது நாற்பத்தெட்டுக் குரோமோசோம்களை உடையது, உழுவதற்குப் பயன்படுவது, பாலுக்காக அதைப் பெரும்பாலும் எவரும் வளர்ப்பதில்லை. நம்முடைய ஆற்றெருமைக்கு ஐம்பது குரோமோசோம்கள். அதே வகையின் பாலைக் கொண்டுதான் நேப்பிள்ஸ் நகரத்தார் மொஸரெல்லா செய்து உலகப் புகழ் தேடினார்கள். கையெட்டும் தூரத்தில் இருந்த பாலை ஒல்லாந்தர் கவனியாதது வரலாற்றின் சிறு விநோதங்களில் ஒன்று.

ஆங்கிலேயரின் சென்னை பெருத்தபோதுதான் இப்பகுதியின் பாலுக்குப் புதிய எஜமானர் தோன்றினார். 1806-ல் பஸில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் பின்னர் பழவேற்காட்டு ஏரிக்கும் அதற்கு வடக்கேயும் நீண்டு, 1876–78 பஞ்சத்தின் நிவாரண வேலையால் நகரத்துக்குள்ளும் இணைக்கப்பட்டு, பக்கிங்ஹாம் கால்வாய் என்ற பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் மீனும் அதில் மிதந்து சென்றன. பால் செல்ல இயலவில்லை. படகுக்காரர் கழி ஊன்றித் தள்ளும் வேகத்துக்குப் பால் காத்திருப்பதில்லை. ஆகவே நகரம் பாலை வரவழைப்பதற்குப் பதிலாக எருமையையே வரவழைத்தது. சென்னையின் சந்துகளிலும் கொல்லைகளிலும் கன்றோடு வாங்கிவந்த கறவைகள் கட்டப்பட்டன. பால்காரர் வாடிக்கை வீட்டு வாசலிலேயே மாட்டைக் கொண்டுவந்து, தண்ணீர் கலக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக எசமானியம்மாள் பார்த்திருக்கக் கறந்து கொடுத்தார்.

எருமையின் சரீர தர்மத்தோடு நகரம் மோதியது இங்கேதான். எருமை தன் பாலில் பெரும் பங்கை மடியின் நுண்ணறைகளிலேயே வைத்திருக்கும்; காம்புக்கு மேலுள்ள அறையில் உடனே கறப்பதற்கென்று தயாராக நிற்பது மிகச் சொற்பம். கன்றின் முகமோ, முட்டும் மூக்கோ, பழகிய கையோ தூண்டினால்தான் ரத்தத்தில் ஒரு சுரப்புநீர் பரவி, அந்நுண்ணறைகள் சுருங்கிப் பால் இறங்கும். பசுவைக் காட்டிலும் எருமைக்கு இதற்கு அதிக நேரம் பிடிக்கும். கிராமத்தில் கறக்கிறவர் கன்றை அவிழ்த்துவிட்டு, நான்கு காம்புகளையும் அது மாறி மாறி முட்டிச் சப்பும்வரை விட்டு, வாயோரத்தில் நுரை கட்டியவுடன் தாயின் முன்னங்காலருகே இழுத்துக் கட்டுவார். குந்தி உட்கார்ந்து, முழங்கால்களுக்கிடையே செம்பை இடுக்கி, விரலில் ஒரு துளி நெய்யோ எண்ணெயோ தடவிக்கொண்டு, முதல் பீச்சுதலைத் தரையில் விட்டுவிட்டுத் தொடங்குவார். காம்பின் துவாரம் இறுகலானது. வலுவில்லாத கைக்கு அது வசப்படாது. கடைசியில் ஒட்டக் கறக்கும் ஆழாக்குப் பாலில் கொழுப்பு மிகமிக அதிகம் என்பதால், அதைக் கன்றுக்கு விடுவதா செம்புக்குள் சேர்ப்பதா என்பதில் வீட்டுக்காரரின் தயாள குணம் நாள்தோறும் பரீட்சிக்கப்பட்டது.

நகரத்துப் பால்காரருக்கு அந்தத் தயாளம் கட்டுப்படியாகவில்லை. கன்று குடிக்கிற பால் காசு; கடாக்கன்றோ வளர்ந்தும் பயனற்றது. பட்டினியில் கன்று செத்தது. செத்த பிறகு தாய் பால் விட மறுத்தது. மறுத்த தாயை ஏமாற்ற, செத்த கன்றின் தோலை உரித்து வைக்கோல் திணித்துத் தைத்து, அதன் முன்னே நிறுத்தினார்கள். சென்னைத் தெருக்களில் பால்காரர் தோளில் தொங்கிய வைக்கோல் கன்றைப் பார்த்த முதியவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே பால் விட்டது. இதைவிடக் கொடிய உபாயங்களும் நாட்டின் பெருநகரங்களில் வழங்கின. கறவையின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பால் இறக்கும் ‘பூகா’ என்னும் பழக்கத்தை 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் பெயர் சொல்லியே தண்டனைக்கு உரியதாக்கியது. பால் வற்றியபின் நான்கைந்து மாதம் தீனி போட்டுக் காக்க நகரத்தில் இடமும் இல்லை, புல்லும் இல்லை. நல்ல கறவைகள் ஓர் ஈற்றோடு கசாப்புக்காரரிடம் போயின. கிராமத்தின் சிறந்த வித்துக்களை நகரம் தின்று தீர்க்கிறது என்று அந்நாளைய அறிக்கைகள் மீண்டும் மீண்டும் முறையிட்டன.

கலப்படத்தின் கதையும் எருமையைச் சுற்றியதே. ஏழு சதவீதக் கொழுப்புள்ள எருமைப் பாலில் ஒரு பங்கு நீர் சேர்த்தாலும் அது பசும்பாலைப்போல நிமிர்ந்து நிற்கும். வெண்மை குறையாது, ஏடும் படியும். 1918-ல் சென்னை மாகாணம் கலப்படத் தடைச் சட்டம் இயற்றியபோது, சுகாதார அதிகாரிகளின் கைக்கருவி பால்மானி. கொழுப்பு நீரைவிட இலேசானது: ஏட்டை எடுத்தால் பாலின் அடர்த்தி ஏறும், நீர் ஊற்றினால் இறங்கும். ஆகவே ஏட்டையும் எடுத்து நீரையும் ஊற்றினால் பால்மானி பழைய கோட்டிலேயே பரம சாதுவாக மிதக்கும். படிக்காத பால்காரர் இந்தப் பௌதிக உண்மையை எந்தக் கலாசாலையிலும் பயிலவில்லை. பிற்காலத்தில், 1954-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வட மாநிலங்கள் பலவற்றில் எருமைப் பாலுக்குக் குறைந்தது 6 சதவீதக் கொழுப்பு வேண்டும் என்றும், தமிழ்நாட்டில் 5 சதவீதமே போதும் என்றும் விதி வகுத்தார்கள். நம் வைக்கோலையும் வெயிலையும் சட்டமே ஒப்புக்கொண்டது போலும்.

1927-ல் அயனாவரத்தில் கூட்டுறவுப் பால் சங்கம் தோன்றியதும், பம்பாயில் மாடுகளை நகரத்துக்கு வெளியே குடியேற்றிய ஆரே குடியிருப்பைப் பின்பற்றி நம் மாதவரத்தில் பால் குடியிருப்பு அமைந்ததும், 1963-ல் நியூசிலாந்தின் உதவியோடு அங்கே பெரிய பால்பண்ணை இயங்கத் தொடங்கியதும் வேகமாகச் சொல்லிக் கடக்கத் தக்கவை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. பம்பாயின் பால் ஆணையராயிருந்த தாரா குரோடி, எருமைப் பாலில் ஆடை நீக்கிய பால்தூளும் நீரும் சேர்த்து, கொழுப்பை 3 சதவீதத்துக்கு இறக்கி, ஏழைகளுக்கு மலிவாக விற்கும் முறையைக் கண்டுபிடித்தார். தெருப் பால்காரர் செய்தால் குற்றமான காரியம், திட்டமும் நேர்மையும் சேர்ந்தபோது பொதுநலத் தொண்டாயிற்று. எருமைப் பாலைத் தூளாக்கவே முடியாதென்று மேனாட்டு நிபுணர் கைவிரித்திருக்க, எச். எம். தலாயா என்னும் பொறியாளர் அதைச் சாதித்துக்காட்ட, 1955-ல் குஜராத்தின் ஆனந்தில் அதற்கான ஆலை திறக்கப்பட்டது. அந்தத் தூள் இல்லாமல், கோடையில் பால் இறங்கும் மாதங்களில் சென்னையைப் போன்ற நகரத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது.

சங்கங்கள் கிராமத்துக்கு வந்தபோது பாலை அளந்தது படி மட்டுமன்று. சிறு கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலிட்டர் கந்தக அமிலம், அதன்மேல் மெல்லச் சரியவிட்ட 10.75 மில்லிலிட்டர் பால், பிறகு 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹால். ரப்பர் அடைப்பானை இறுக்கிக் குலுக்கினால் குழாய் கையைச் சுடும், பால் காப்பி நிறமாகக் கறுக்கும். சுழலும் யந்திரத்தில் நான்கைந்து நிமிஷம் சுற்றி எடுத்தால், குறுகிய கழுத்தில் மஞ்சளாக எழுந்து நிற்கும் கொழுப்பைக் கோடு எண்ணிப் படித்துவிடலாம். ஸ்விட்சர்லாந்தின் கெர்பர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த அந்தப் பரிசோதனை, எருமைக்காரருக்கு அதுவரை கிடைக்காத நியாயத்தைக் கொடுத்தது: நீர் கலவாதவருக்கு அதிகக் காசு. அதே வேளையில், மடியின் செல்வத்தை ஓர் எண்ணாகச் சுருக்கியும் விட்டது. தயிரின் மணமும், வெண்ணெயின் திரட்சியும், வெயிலில் எத்தனை நாழிகை கெடாமல் நிற்கும் என்பதும் குழாயின் கழுத்தில் ஏறுவதில்லை.

உப்பங்கழிக் கரையின் பால் அந்த எண்ணுக்கு அப்பாற்பட்ட சிறப்பையும் பெறக்கூடும் என்பதற்குச் சான்று வேண்டுமானால், ஒடிசாவின் சிலிகா ஏரிக்குப் போக வேண்டும். இந்தியாவின் உப்பங்கழிகளில் அது முதலாவது, பழவேற்காடு இரண்டாவது. அங்குள்ள எருமைகள் மாலையில் ஏரிக்குள் இறங்கி, முழங்கால் நீரில் இரவெல்லாம் உப்புப் புல் மேய்ந்து, காலையில் கொட்டிலுக்குத் திரும்புகின்றன. கரிப்பு நீரையே பெரிதும் குடித்துப் பழகிய அவற்றைக் கர்னாலில் உள்ள தேசிய நிலையம் தனி இனமென்று பதிவு செய்திருக்கிறது. அவற்றின் தயிர் பல நாள் கெடாதென்று புகழ்பெற்றது. தமிழர் வாழும் மட்டக்களப்பு வாவியிலும் இதற்கு இணையான ஏற்பாட்டைக் காணலாம்: கிழக்கே எழுவான்கரை மீனுக்கும் வணிகத்துக்கும், மேற்கே படுவான்கரை வயலுக்கும் எருமைப் பட்டிக்கும். படுவான்கரையின் தயிர் மண்சட்டியில் உறைகிறது. சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்ச, புரதமும் கொழுப்பும் மிகுந்த எருமைப் பால் கத்தியால் வெட்டத்தக்க கட்டியாகிறது. நம் ஏரிக்கு அப்படியொரு பேர் வாய்க்கவில்லை. சென்னை மிக அருகில் இருந்தது. பாலைப் பாலாகவே விற்றுக் காசாக்க முடிந்த இடத்தில் தயிருக்குப் பேர் தேடும் பொறுமை எவருக்கும் இருந்திராது என்றே நினைக்கிறேன்.

மேய்ச்சலும் நிலைக்கவில்லை. ரயிலுக்கும் நகரத்து அடுப்புக்கும் விறகு வேண்டியதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்தே கரையோர மணற்பரப்புகள் சவுக்குத் தோப்புகளாயின. ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் 1971-ல் முதல் ராக்கெட் கிளம்புமுன் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் விட்டுப்போன மாடுகள் காட்டில் திரிந்து காட்டுமாடுகளாகவே மாறிவிட்டன. 1990-களில் இறால் பண்ணைகள் பெருகி, உப்புநீரை வயலுக்கு நடுவே கொண்டுவந்து தேக்கின. தோலுக்கு மட்டுமே உதவும் நீர், வாய்க்கு உதவும் கிணற்றையும் குட்டையையும் நோக்கிக் கசியலாயிற்று. இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதி எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ந் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளையும் பெயர் குறித்து, அவற்றிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாதென்று விலக்கியது.

கொழுப்புக்கு விலை கொடுக்கும் முறை எருமைக்கு அனுகூலமானது. ஆயினும் தமிழ்நாட்டில் வென்றது ஜெர்ஸிக் கலப்புப் பசுதான். கலப்புப் பசு நிழலும் வாளித் தண்ணீரும் இருந்தால் சமாளித்துக்கொள்ளும், பருவத்துக்கு வருவதைக் கத்தித் தெரிவிக்கும், ஊசி போட ஆள் வந்தால் சினைப்படும், ஏறக்குறைய ஆண்டுக்கொரு கன்று போடும். எருமையோ பருவத்தை வெளிக்காட்டாது, அதுவும் பெரும்பாலும் இரவிலே. ஒரு பருவத்தைக் கவனியாமல் விட்டால் மூன்று வாரத் தீனி வீண், ஊரில் பொலிகடாவும் இல்லையென்றால் ஈற்றுக்கும் ஈற்றுக்கும் இடையே ஒன்றரை ஆண்டு ஓடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு ஒரு குட்டை வேண்டும். வீட்டுமனைகளாகப் பிரிந்துபோன தாங்கல்களில் எருமைக்குப் பங்கில்லை. 2012-ம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 7 லட்சத்து 80 ஆயிரமாக இருந்த எருமைகள், 2019-ல் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டன.